தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் அவர்கள் கையில் ஒரு குறிப்பேட்டைக் காண்கிறேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். "ஒரு நாளைக்கு எத்தனை சொல் மனப்பாடம் செய்யணும் சார்?" என்பதே முதற்கேள்வி. 'ப்ளெதரா', 'யுபிக்விட்டஸ்' போன்ற பகட்டான சொற்கள் அதில் தவறாமல் இருக்கும். தேர்வில் உண்மையாகவே கைகொடுக்கும் சொற்கள் பெரும்பாலும் இரா.

ஒருமுறை தேர்வெழுதவே 15,000 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்கள் முதுநிலைப் படிப்புக்கு 9-க்கு 6.5 மதிப்பெண் எதிர்பார்க்கின்றன. அரை மதிப்பெண் குறைந்தாலும் மீண்டும் கட்டணம், மீண்டும் காத்திருப்பு. கரும்பையும் நெல்லையும் மணிலாவையும் நம்பி வாழும் ஒரு மாவட்டத்தில் இது சிறு தொகையன்று. ஆகவே, எந்தச் சொற்களைப் படிப்பது என்பதும் ஒரு பொருளாதாரக் கேள்விதான்.

எழுத்துத் தேர்விலும் பேச்சுத் தேர்விலும் மதிப்பீட்டின் நான்கில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு உரியது. வாசிப்புத் தேர்வில் 60 நிமிடங்களில் மூன்று நெடும்பத்திகளைப் படித்து 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். பத்தியில் ஒரு சொல்லால் கூறப்பட்ட செய்தி வினாவில் வேறு சொல்லால் வரும். இரண்டும் ஒன்றே என உணர்பவருக்கே விடை அகப்படும்.

இவ்வகைக் கல்விசார் சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் நூல்களையும் கட்டுரைகளையும் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். அதில் உள்ளவை 570 சொற்குடும்பங்கள். அன்றாடப் புழக்கத்தில் உள்ள சுமார் 2,000 சொற்களை அவர் விலக்கிவிட்டார். அந்த 2,000 சொற்களின் பட்டியலை 1953-இல் தந்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் வங்க மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றிப் பல்லாண்டு சிந்தித்தவர். கல்விசார் நூல் ஒன்றைத் திறந்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் காக்ஸ்ஹெட்டின் பட்டியலைச் சேர்ந்ததாக இருக்கும்.

இப்பட்டியலின் முதல் 60 சொற்களைத் தமிழ்வழியில் படித்த மாணவர்களிடம் காட்டினால் வியந்துபோகிறார்கள். ஏரியா, பாலிசி, பைனான்ஸ், பீரியட், செக்ஷன், எஸ்டிமேட், இஷ்யூ, அப்ரோச், இன்கம், டேட்டா... இவை விழுப்புரம் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் நாள் முழுதும் புழங்கும் சொற்களல்லவா! சிக்கல் என்னவென்றால், தமிழுக்குள் வந்தபோது அவை சுருங்கிவிட்டன. நமக்குப் பாலிசி என்றால் ஆயுள் காப்பீடு. தேர்வில் அது அரசின் கொள்கை. பைனான்ஸ் நமக்கு வட்டிக்கடை, அங்கே நிதி. பீரியட் நமக்குப் பாடவேளை. அங்கே ஒரு காலப்பகுதி. எஸ்டிமேட் நமக்கு வீடு கட்டுமுன் பொறியாளர் தரும் செலவுக் கணக்கு. அங்கே எந்த மதிப்பீடும் எஸ்டிமேட்தான். புதிய சொல்லைக் கற்பதைவிட, இப்படிச் சுருங்கிய சொல்லை விரிப்பது எளிது. ஆனால், "இது தெரிந்த சொல்தானே" என்று மாணவர் அதைக் கடந்துவிடுகிறார். குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை.

விரிந்த பொருளும் அவருக்குப் புதிதன்று என்பதுதான் இதில் சுவையானது. 'அப்ரோச்' என்ற வினை அணுகுதல், பெயராகும்போது அணுகுமுறை. தமிழ்ச்சொல்லும் அதே வழியில்தான் போயிருக்கிறது. 'ஃபேக்டர்' கணக்கிலும் காரணி, சமூக அறிவியலிலும் காரணி. கோட்பாடு, கட்டமைப்பு, சூழல், கணிசமான, இதன் விளைவாக என்று பாடநூல் தமிழில் பத்தாண்டுகள் படித்தவரிடம் கல்விசார் சிந்தனையின் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் ஆங்கில இணையைக் காட்டுவார் இல்லை. பாடநூல்களின் பின்னிணைப்பில் வரும் கலைச்சொல் பட்டியல், ஒளிச்சேர்க்கைக்கும் முடுக்கத்துக்கும் ஆங்கிலம் தருகிறது. 'கணிசமான' என்பதற்குத் தருவதில்லை.

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிடச் சிறந்த பயிற்சி நூலை நான் காணவில்லை. ஆங்கிலப் பாடநூலின் நடை சில இடங்களில் கரடுமுரடானதுதான். அதனால் இப்பயன் கெட்டுவிடாது.

பட்டியல் சொற்களை அன்றிச் சொற்குடும்பங்களை எண்ணுவதற்கும் காரணம் உண்டு. ஆய்வு, ஆய்வாளர், ஆராய்ச்சி எனக் கிளைப்பதுபோல அனலைஸ், அனாலிசிஸ், அனலிடிகல் எனக் கிளைக்கும். ஆனால், முன்னதில் முதல் அசையிலும், அடுத்ததில் இரண்டாம் அசையிலும், கடைசியில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றாது. எனவே நம் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. சொல் தெரிந்திருந்தும் பேச்சுத் தேர்வில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்பம் முழுவதையும் உரக்கச் சொல்லிப் பழகுவதே வழி.

சொற்சேர்க்கையும் அப்படியே. 'முடிவெடுத்தார்' என்பதற்கும் 'முடிவு கட்டினார்' என்பதற்கும் உள்ள தொலைவு நமக்குத் தெரியும், அயலார்க்குத் தெரியாது. ஆங்கிலத்திலும் 'ரிசர்ச்' என்ற சொல் 'கண்டக்ட்' என்பதோடு இயல்பாகச் சேரும். சொல்லைத் தனியே எழுதாமல் அதன் துணையோடு எழுதி வைப்பது நல்லது.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தாட்கோ நிறுவனம் இத்தகைய தேர்வுகளுக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. அவ்வகைப் பயிற்சிகளில் இந்த இருமொழி வாசிப்பைச் சேர்க்கலாம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்றவற்றின் நூலகங்களில் இருவழிப் பாடநூல்களுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கப் பெருஞ்செலவு ஆகாது. என்னைக் கேட்கும் மாணவர்களிடம் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் தொடங்கச் சொல்கிறேன். நாளொன்றுக்கு இரண்டு பக்கம், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.