தனியார் மூலதனத்தில் ஒரு பயணி ரெயில் பாதை

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் ஓடிய வண்டியே நம் நாட்டின் முதல் பயணி ரெயில் என்பது யாவரும் அறிந்ததே. அப்பாதையை அமைத்தது ஒரு தனியார் கம்பெனி என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. அக்கம்பெனிக்கு நிலம் இலவசமாக அளிக்கப்பட்டது. முதலீட்டின்மீது நூற்றுக்கு 5 வீதம் வருமானம் கிடைக்குமென உறுதியும் கூறப்பட்டது. வருமானம் அதற்குக் குறைந்தால், குறைந்த தொகையை இந்திய மக்கள் செலுத்திய வரியிலிருந்தே ஈடு செய்தனர். ஆதாயம் பங்குதாரருக்கும் நட்டம் குடிகளுக்கும் உரியதாயிற்று.

இத்தகைய உறுதி எதுவுமின்றி, பெரும்பாலும் தனியார் மூலதனத்தைக் கொண்டே இரு நகரங்களுக்கிடையில் பயணி ரெயில் ஒன்றை நடத்த இயலுமா? இவ்வினாவுக்கு விடை காணும் பெருஞ்சோதனை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடா மாநிலத்தில் நடைபெற்று வருகிறது. மயாமிக்கும் ஆர்லாண்டோவுக்குமிடையே ஓடும் ‘பிரைட்லைன்’ என்னும் சேவையே அது.

பழைய பாதை, புதிய வண்டி

புளோரிடாவின் கிழக்குக் கடலோரப் பாதையை அமைத்தவர் எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹென்றி பிளாக்லர். பாதை 1896-இல் மயாமியை அடைந்தது. அவர் தம் பாதை சென்ற ஊர்களில் விடுதிகளைக் கட்டினார். தரிசாய்க் கிடந்த நிலங்கள் நகரங்களாயின. பின்னர் மோட்டார் வாகனமும் விமானமும் பெருகவே, 1968-இல் இப்பாதையில் பயணி வண்டிகள் நின்றன. சரக்கு வண்டிகள் மட்டும் தொடர்ந்து ஓடின.

இப்பாதையையும் அதனருகில் உள்ள நிலங்களையும் பயன்படுத்தி மீண்டும் பயணி வண்டி விடும் திட்டம் 2012-இல் வெளியாயிற்று. 2018 ஜனவரியில் வெஸ்ட் பாம் பீச்சுக்கும் போர்ட் லாடர்டேலுக்குமிடையே வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் மயாமி வரை நீண்டது. கோவிட் நோயினால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கிற்று. 2023 செப்டம்பர் 22-இல் முதல் வண்டி ஆர்லாண்டோ விமான நிலையத்தை அடைந்தது. மொத்தத் தூரம் சுமார் 378 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ மூன்றரை மணி.

வேகமும் அதன் விலையும்

பாதை முழுவதிலும் வண்டி ஒரே வேகத்தில் செல்வதில்லை. மயாமி முதல் வெஸ்ட் பாம் பீச் வரை நெருக்கமான நகரப் பகுதியாதலால் வேகம் மணிக்கு 127 கிலோமீட்டருக்கு மிகாது. அங்கிருந்து கோக்கோ வரை 177 கிலோமீட்டர். கோக்கோவிலிருந்து ஆர்லாண்டோ வரை நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாக இடப்பட்ட பாதையில் 201 கிலோமீட்டர். வண்டியின் இரு முனைகளிலும் டீசல் எஞ்சின்கள் உள்ளமையால், பயண முடிவில் எஞ்சினைத் திருப்ப வேண்டிய தேவையில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எளிய பௌதிக விதியே. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். 127-லிருந்து 201-க்கு வேகம் உயர்ந்தால், பிரேக்குகள் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்குமிடையே உராய்வு குறைவு. குறைந்த ஆற்றலில் பெருஞ்சுமையை இழுக்க ரெயிலுக்கு உதவுவது இக்குணமே. நினைத்தவுடன் வண்டியை நிறுத்த முடியாதபடி செய்வதும் இதுவே. ஆகவே மிகுவேகப் பகுதியில் சாலைகள் பாதையைச் சமதளத்தில் கடப்பதில்லை. மேலாகவோ கீழாகவோ செல்கின்றன.

ஆனால், பழைய கடலோரப் பாதையில் லெவல் கிராசிங்குகள் ஏராளம். மூடிய கேட்டைச் சுற்றிச் செல்ல முயன்ற வாகனங்களாலும், தண்டவாளத்தில் நடந்தவர்களாலும் நேர்ந்த விபத்துகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். வேலிகளும் தடைகளும் அமைப்பதற்காக 2022-இல் மைய அரசு 2.5 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. எல்லாக் கிராசிங்குகளுக்கும் பாலம் கட்டுவதாயின், தனியார் முதலீடு அச்செலவைத் தாங்குவது அரிது. சேவை தனியாருடையதாயினும் ஊர் மக்களின் உயிர்ப் பாதுகாப்பு பொதுச் சொத்தைச் சார்ந்தே நிற்கிறது.

மூலதனம் வந்த வழி

பயணச் சீட்டு விற்பனை வண்டியை ஓட்டும் செலவுக்கு ஈடாகலாம். பாதையையும் நிலையங்களையும் அமைத்த மூலதனத்தை அதனால் மட்டும் மீட்பது கடினம். இதனை உணர்ந்தே பிரைட்லைனைத் தொடங்கியவர்கள் நிலையங்களை ஒட்டிய நிலங்களையும் கணக்கில் சேர்த்தனர். மயாமி நிலையத்துடன் குடியிருப்புகளும் அலுவலகங்களும் கடைகளும் எழுந்தன. பிளாக்லர் கையாண்ட முறையே இது; ரெயில் வருவதால் நிலத்தின் மதிப்பு உயர்கிறது, அவ்வுயர்வில் ஒரு பங்கு ரெயிலுக்குத் திரும்புகிறது.

எஞ்சிய பெருந்தொகை கடன் பத்திரங்கள் வாயிலாக வந்தது. இவற்றுள் பலவற்றின் வட்டிக்கு மைய அரசு வருமான வரிவிலக்கு அளித்தது. எனவே அரசின் மறைமுக உதவி இங்கும் இல்லாமற் போகவில்லை. 2024-இல் சுமார் 27 லட்சம் பேர் பயணம் செய்தனர். இத்தொகை சிறிதன்று, எனினும் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. 2025-இல் சில பத்திரங்களின் வட்டி தள்ளிவைக்கப்பட்டது. பத்திரங்களின் தர மதிப்பீடும் தாழ்ந்தது. வண்டிகள் ஓடுகின்றன, மக்கள் ஏறுகின்றனர். கடன் கொடுத்தோரே கவலையுறுகின்றனர்.

இந்தியாவில்

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் உண்டு. 2020-இல் 109 வழித்தடங்களில் 151 வண்டிகளைத் தனியார் நடத்துமாறு இந்திய ரெயில்வே அழைப்பு விடுத்தது. பாதை ரெயில்வேயிடமே இருக்கும். வண்டிகளை வாங்கிப் பேணும் பொறுப்பு தனியாருடையது. போதிய போட்டியாளர் முன்வராமையால் அது நிறைவேறவில்லை. 2021-இல் அறிவிக்கப்பட்ட ‘பாரத் கௌரவ்’ திட்டத்தின்படி, சுற்றுலா வண்டிகளைத் தனியார் குத்தகைக்கு எடுக்கலாம். அவ்வாறு இயங்கிய முதல் வண்டி 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குப் புறப்பட்டது.

இவ்விரு முயற்சிகளிலும் பாதைக்கான பெருமுதலீடு அரசிடமே தங்கியது. புளோரிடாவிலோ தனியார் அதனையும் ஏற்றனர். அச்சுமையே இன்று அவர்களை அழுத்துகிறது. பாதைக்கு யார் முதலிடுவது, நிலமதிப்பின் உயர்வை யார் பெறுவது, நட்டம் நேரின் யார் தாங்குவது என்னும் மூன்றையும் தொடக்கத்திலேயே வெளிப்படையாக வரையறுக்காத திட்டத்தில், இறுதியில் விலை கொடுப்பவர் வரி செலுத்தும் குடிமகனே என்பதற்கு 1853-ஆம் ஆண்டின் பாதை சான்றாகும்.