உதிரும் புல்லும் உதிராத கதிரும்

பெரும்போக அறுவடை நெருங்கிய வேளையில் பாலமுனை வயல்வெளியில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கதிர்கள் பொன்னெனத் தலைசாய்த்து நின்றன. ஆயினும் வயலுக்குரிய முதியவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். அவர் ஒரு கதிரைப் பற்றி மெல்ல உலுக்கினார். மணிகள் பொலபொலவென்று நிலத்தில் உதிர்ந்தன.

"இது களைநெல், சேர். இளசில நெல்லுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. கதிர் வந்த பிறகுதான் குணம் தெரியும். நாம அறுக்க முந்திக் கொட்டிப் போகும், அடுத்த போகத்துக்கு விதைக்காமலே முளைக்கும்" என்றார்.

அவருடைய துயரத்தில் உழவின் வரலாறே அடங்கியிருக்கிறது. விதையை உதிர்ப்பது புல்லுக்குப் பிழைப்பு, மனிதனுக்கோ இழப்பு. உதிராது நின்ற கதிர்களையே நம் முன்னோர் கொய்து, அவற்றையே மீண்டும் விதைத்தனர். தலைமுறைகள் பல கழியப் புல் பயிராயிற்று. அம்மாற்றம் பயிரின் உள்ளே எங்கே நிகழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகள் நாடிய ஆசான்களுள் ஒன்று, ஒரு சின்னஞ்சிறு காட்டுப்புல்.

அதன் பெயர் செற்றேரியா விரிடிஸ். குறிஞ்சி நிலத்துத் தினையை அறியாத தமிழர் உளரோ? அத்தினையின் காட்டு மூதாதை இப்புல்லே. வட அமெரிக்க உழவர்க்கு இது வெறும் களை, ஆராய்ச்சியாளர்க்கோ அருநிதி. காரணம் எளிது. சோளமும் கரும்பும் ஆளை மறைக்க வளர்வன. அவற்றை ஆராயப் பரந்த நிலமும் நீண்ட காலமும் வேண்டும். இப்புல்லோ சிறு சாடியில் வளர்ந்து, சில வாரங்களிலேயே விதை தந்துவிடும். சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கும் முறையிலோ அது சோளத்தையும் கரும்பையும் ஒத்தது. பரம்பரைச் செய்தியை ஓர் ஏடாகக் கொண்டால், சோளத்தின் ஏட்டில் 200 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. இப்புல்லின் ஏட்டிலோ சுமார் 50 கோடியே. சிறிய நூலைக் கற்றவனுக்குப் பெரிய நூல் எளிதாகுமன்றோ?

ஐக்கிய அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலுள்ள டான்ஃபோர்த் தாவர விஞ்ஞான நிலையத்தாரும் பிறரும் ஏறத்தாழ 600 புல் மாதிரிகளை ஆராய்ந்து, 2020இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். விதை உதிர்தலோடு தொடர்புள்ள ஒரு பரம்பரையலகை அவர்கள் கண்டனர். அதை முடக்கியதும் புல்லின் விதை எளிதில் உதிரவில்லை. தினையில் அதே அலகினுள் வேறொரு துண்டு புகுந்து, அதனை முன்னரே முடக்கியிருந்தது! ஏட்டுச்சுவடியில் இடைச்செருகல் நூலின் பொருளைக் கெடுக்கும். இங்கோ ஓர் இடைச்செருகல் மனிதனுக்கு உணவளிக்க உதவியிருக்கிறது.

நெல்லின் கதையும் இதற்கு அயலானதன்று. வடமொழியில் நீவாரம் எனப்படும் காட்டுநெல் இலங்கையிலும் வளர்வது. அதனைப் பயிர்நெல்லோடு கலந்து ஆராய்ந்தோர், மணி உதிராமைக்கு ஒரு பரம்பரையலகில் நேர்ந்த ஓரெழுத்து மாற்றம் முக்கிய காரணமென 2006இல் அறிவித்தனர்.

இவற்றையெல்லாம் முதியவரிடம் கூறினோம். பொறுமையுடன் கேட்டவர், "அப்ப இந்தக் களைநெல்லுக்கு அந்த எழுத்து மாறல்லியா, சேர்?" என்றார்.

நாம் ஒருகணம் திகைத்தோம். ஏனெனில் இதே வினாவை அறிஞரும் எழுப்பியுள்ளனர். அமெரிக்க வயல்களின் களைநெல்லை ஆராய்ந்தோர், அதில் மாறிய அந்த எழுத்து இருந்தும் மணி உதிர்வதை 2010இல் எடுத்துக்காட்டினர். பயிரின் குணத்தை ஏட்டில் வைத்துக்கொண்டே, அது காட்டின் குணத்துக்கு வேறொரு வழி கண்டுவிட்டது! அவ்வழிகளை ஒவ்வொன்றாய்த் தேடுவதற்கே விரைந்து வளரும் சிறுபுல் போன்ற ஆசான்கள் தேவைப்படுகின்றனர்.

அதுவரை உழவர் கையிலுள்ள மருந்து பழையதே: களைநெல் கலவாத தூய விதை, கதிர் உதிருமுன் களையைப் பிடுங்கும் கை. முதியவர் நம்மிடம் விடைபெற்று மீண்டும் வயலுள் இறங்கினார். பொழுது சாயுமுன் இன்னும் ஒரு வரம்பளவு அவர் பிடுங்க வேண்டியிருந்தது.