காலம் கலைந்த நாவலை வாசிப்பது

பல தலைமுறைகளை ஒன்றாகப் பின்னிச் சொல்லும் நாவலை ஆசையாக எடுத்தவர்களில் பலர் ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். யார் யாருக்குப் பாட்டன், எது முதலில் நடந்தது என்ற கணக்கு தவறியதும் சோர்வு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை என்பதே என் கட்சி. ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்கு எது கைமாறுகிறது என்று பார்த்தால் போதும். கொச்சியையே எடுத்துக்கொள்வோம். கலூரில் மெட்ரோ ரயில் ஓடும் அதே நகரத்தில்தான், மட்டாஞ்சேரியில், 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஜெப ஆலயம் இருக்கிறது. அதன் தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்தவை. பக்கத்து அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர், செப்பனிட்டவர்கள் டச்சுக்காரர்கள், வாழ்ந்தவர்கள் கொச்சி மன்னர்கள். அந்தத் தெருவில் நிற்பவருக்கு நூற்றாண்டுகள் வரிசையாகத் தெரிவதில்லை, ஒரே சமயத்தில் தெரிகின்றன. சல்மான் ருஷ்தி 1995இல் வெளியிட்ட 'தி மூர்ஸ் லாஸ்ட் சை' நாவலில் கொச்சி மிளகு வணிகக் குடும்பத்தின் கதையோடு 1492இல் கிரனடா வீழ்ந்த கதையும் கலந்து வருவது அதனால்தான் பொருத்தமாக இருக்கிறது.

இதைவிடத் தெளிவான சான்று ஆபிரகாம் வர்கீஸின் 'தி கவனன்ட் ஆஃப் வாட்டர்' (2023). 1900இல் பன்னிரண்டு வயதில் மணமாகித் திருவிதாங்கூர் கிராமமொன்றுக்கு வரும் பெண்ணிடம் தொடங்கி 1977 வரை செல்கிறது. நடுவே கிளாஸ்கோவிலிருந்து மதராசுக்கு வரும் ஒரு மருத்துவரின் கதை. இரண்டுக்கும் என்ன உறவு என்பது வெகுநேரம் பிடிபடாது. ஆனால் அந்தக் குடும்பத்தில் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார். பாட்டி காலத்தில் அது சாபம். மருத்துவம் படிக்கும் பேத்தி காலத்தில் அது பெயருள்ள ஒரு நோய். அச்சம் அறிவாக மாறும் அந்த நீண்ட தூரத்தை ஒரே தலைமுறையின் கதைக்குள் காட்டவே முடியாது.

'அப்படியானால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லலாமே, எதற்கு இந்த வித்தை?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, வெறும் வித்தையாகவே நின்றுவிடும் நாவல்களும் இருக்கின்றன. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) அப்படியல்ல. அதன் இரண்டாம் பகுதி, முதல் பகுதிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. முதலில் புராணமாகக் கேட்ட பெயர்கள், பிறகு ஐயமும் தவிப்பும் கொண்ட மனிதர்களாக எதிரே வருகின்றன. வரிசை மாறாமல் சொல்லியிருந்தால் மனிதர் புராணமாவதைப் பார்த்திருப்போம். புராணத்துக்குள் மனிதரைக் கண்டுகொள்ளும் அதிர்ச்சி கிடைத்திருக்காது. ஒரு காலத்தை உருவி எடுத்தால் மற்றது பொருளிழக்கிறதா என்று பாருங்கள். இழக்கவில்லையென்றால் குறை நாவலுடையது, உங்களுடையதல்ல. முதல் வாசிப்பில் வம்சாவளிப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பெயர் மறந்தாலும் நூறு பக்கம் வரை பொறுமையாகப் போய்ப் பாருங்கள்.