உஷார்! வெளிநாட்டில் படம் எடுக்கும் அந்த நொடி

பாரிஸில் ஈஃபில் கோபுரம், ரோமில் கொலோசியம், பார்சிலோனாவில் சக்ராடா ஃபமிலியா. மூன்று இடங்களிலும் பயணிகள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். அண்ணாந்து பார்க்கிறார்கள், போனைத் தூக்குகிறார்கள், கட்டடம் முழுதாகப் படத்தில் விழ வேண்டுமே என்று பின்னால் நகர்கிறார்கள். கண் திரையில், இரு கைகளும் போனில், பை முதுகில். ஜேப்படித் திருடர்கள் காத்திருப்பது இந்த நொடிக்காகத்தான்.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் ஊரில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். நான்காவது ஊருக்குப் போகும்போது பயம் தெளிந்துவிடும், உடம்பு களைத்திருக்கும், பையின் ஜிப்பைப் பூட்ட மறந்துபோகும். நீண்ட பயணத்தில் பறிகொடுக்கும் நேரம் அதுதான்.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கும் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 2013 ஏப்ரலில் பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில், கும்பலாக வந்து கைவரிசை காட்டும் திருடர்களின் தொல்லை தாங்காமல் ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். மியூசியத்தை ஒரு நாள் மூட வேண்டியதாயிற்று. ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ், பார்சிலோனாவின் லா ராம்ப்லா தெரு இரண்டும் ஜேப்படிக்குப் பேர்போனவை. லண்டனில் ஆண்டுக்குப் பல்லாயிரம் போன்கள் திருடுபோகின்றன. நடைபாதை ஓரம் நின்று படம் எடுப்பவர் கையிலிருந்து, மின்சார சைக்கிளில் வருகிறவன் போனைப் பறித்துக்கொண்டு பறந்துவிடுகிறான்.

அவர்களின் உத்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாரிஸின் சாக்ரே-கூர் தேவாலயப் படிகளில் ஓர் ஆள் சிரித்தபடி வந்து உங்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டுவான். கட்டி முடித்ததும் பணம் கேட்பான். வேறோர் இடத்தில் இளம் பெண்கள் அட்டையில் செருகிய மனுவை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் குனிந்து எழுதும்போது, அந்த அட்டைக்குக் கீழே இன்னொரு கை உங்கள் பைக்குள் இருக்கும். சட்டையில் ஏதோ கறை என்று துடைத்துவிட வருகிறவர், கீழே கிடந்த ‘தங்க’ மோதிரத்தை எடுத்து நீட்டுகிறவர், போலீஸ் என்று சொல்லி பர்ஸைத் திறந்து காட்டச் சொல்கிறவர், எல்லாம் இதே தொழில்தான். உண்மையான போலீஸ்காரர் தெருவில் நிறுத்தி உங்கள் பணத்தை எண்ணிப் பார்க்க மாட்டார். “நான் படம் எடுத்துத் தரட்டுமா?” என்று தானாக வந்து கேட்பவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால், குடும்பத்தோடு வந்திருக்கும் இன்னொரு பயணியை நீங்களே தேர்ந்தெடுத்துக் கேளுங்கள்.

படமே குற்றமாகலாம்

திருடனுக்கு அடுத்தபடி பயப்பட வேண்டியது உள்ளூர்ச் சட்டத்துக்கு. நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு படம் வேறு நாட்டில் லாக்கப் வரை கொண்டுபோகும். 2001இல் கிரீஸ் நாட்டின் கலமாட்டா விமானத் தளத்தில் விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் பலர், உளவாளிகள் என்று கைதானார்கள். பெரும்பாலோர் பிரிட்டிஷ்காரர்கள். மேல்முறையீட்டில் விடுதலையாவதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. ராணுவ முகாம், எல்லைச் சோதனைச் சாவடி, போலீஸ் வாகனம் எதிரே இருந்தால் கேமராவை உள்ளே வையுங்கள்.

துபாய் வழியாகப் போகிறவர்கள் இதையும் மனதில் வையுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, ஒருவரின் சம்மதமின்றி அவரைப் படமெடுத்து அந்தரங்கத்தில் தலையிட்டால் குறைந்தது ஆறு மாதச் சிறையோ, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஜப்பானின் கியோட்டோவில், கெய்ஷாக்கள் எனும் பாரம்பரியக் கலைப் பெண்கள் நடமாடும் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில், அவர்களைப் படமெடுக்கத் துரத்துவோரின் தொல்லையால், 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை. மீறினால் 10,000 யென் அபராதம். ரோமின் ஸ்பானிஷ் படிகளில் படத்துக்காக உட்கார்ந்தாலே அபராதம் உண்டு. வத்திக்கானின் சிஸ்டைன் சேப்பலில் படம் எடுக்கவே கூடாது.

போன் போனால் எல்லாம் போகும்

போனோடு சிம்மும் போய்விட்டால் வங்கி ஓ.டி.பி. வராது, கார்டை முடக்குவது சிரமம், ஓட்டல் முன்பதிவும் ரயில் டிக்கெட்டும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட் போனாலோ அதில் ஒட்டிய விசாவும் போயிற்று. இந்தியத் தூதரகம் தரும் எமர்ஜென்சி சர்டிபிகேட் ஊர் திரும்ப மட்டுமே உதவும். மிச்சமிருக்கும் நாடுகளை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே கிளம்பும் முன்பும் பயணத்தின்போதும் இவற்றைச் செய்யுங்கள்:

• பாஸ்போர்ட், விசா, காப்பீட்டு நகல்களை ஒரு செட் பெட்டியிலும், ஒரு செட் ஊரில் இருக்கும் உறவினரிடமும், ஒன்று மின்னஞ்சலிலும் வையுங்கள்.

• பாஸ்போர்ட்டை உடைக்குள் அணியும் இடுப்புப் பையில் வையுங்கள். இரண்டாவது கார்டு வேறு இடத்தில் இருக்கட்டும்.

• *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். வங்கியின் வெளிநாட்டு உதவி எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.

• படங்களைத் தினமும் இரவு நகலெடுங்கள். கேமராவும் நகல் வைத்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பையில் வேண்டாம்.

• விசாவுக்காக எடுக்கும் காப்பீட்டில் மருத்துவம் மட்டும்தானா, கேமரா திருட்டும் சேருமா என்று படித்துப் பாருங்கள்.

படம் எடுக்கும்போது பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், சுவரை ஒட்டி நில்லுங்கள், கூட வந்தவர் ஒருவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தனியாக இருந்தால் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் பறிபோனால் துரத்தாதீர்கள். ஐரோப்பா முழுதும் அவசர எண் 112. முதலில் கார்டையும் சிம்மையும் முடக்குங்கள். பிறகு போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் தூதரகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் உங்கள் வேலை நகராது.

சேமிப்பைக் கரைத்து, விடுப்புக்கு மன்றாடி, விசாவுக்கு அலைந்து வாங்கிய பயணம் இது. ஒரு படத்துக்காக அதை இழக்காதீர்கள். முதலில் சுற்றிலும் பாருங்கள், பிறகு கேமராவைத் தூக்குங்கள்.