உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் விளக்கும் கண் கூச்சமும்

பழைய சைக்கிள் டைனமோ டயரில் உரசிச் சுழன்று தந்தது 6 வோல்ட், 3 வாட் மின்சாரம். அதன் மங்கிய மஞ்சள் வெளிச்சம் கண்ணை உறுத்தாது. இன்றைய எல்இடி விளக்குகள் பலவும் டார்ச் போல மேலும் கீழும் வட்டமாக ஒளியை வீசுகின்றன. பேராவூரணியைச் சுற்றித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் இருண்ட சாலைகளில், இருட்டுக்குப் பழகி விரிந்த கண்மணிக்கு இது பொல்லாதது. எதிரே வருபவருக்குச் சில நொடிகள் சாலையோர வாய்க்கால்கூடத் தெரியாமல் போகலாம்.

8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி முகப்பு விளக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 106. சைக்கிளுக்கு அது பொருந்தாது. ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கும் இத்தகைய கட்டாயம் உண்டு. வெளிச்சத்தின் நடுப்பகுதி சில மீட்டர் முன்னே தரையில் விழும்படி விளக்கைத் தாழ்த்தித் திருகை முடுக்கினால், கூச்சம் பெருமளவு குறையும். பள்ளமும் நன்றாகத் தெரியும்.