இசைத்தட்டில் சொடுக்கும் மின்சாரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், தேக்குத் தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே இசைத்தட்டுகளும் கண்ணில் படும். இந்த ஊருக்கு அது அந்நியச் சரக்கு அல்ல. ஏவி.எம். மெய்யப்பன், தந்தையார் இங்கே நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டு வியாபாரம் பழகியவர். பிறகு சென்னைக்குப் போய், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் தட்டுகளை விற்றார்.

அந்தக் காலத்துத் தட்டு அரக்கு. நிமிடத்துக்கு 78 சுற்று. அரக்கோடு கல்பொடியும் கலந்திருக்கும். எஃகு முள் அதில் உரசும் இரைச்சல் தட்டோடு பிறந்தது, முழுக்கப் போகாது. 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. வினைல் பிளாஸ்டிக்கால் ஆனது. இரைச்சல் வெகுவாக அடங்கியது. கூடவே நிலைமின்சாரம் என்ற புதுத் தொல்லை வந்து சேர்ந்தது.

சீப்பால் தலைவாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளை ஒட்ட வைத்து விளையாடாத பிள்ளைகள் உண்டா? அதே சங்கதிதான். காகித உறையிலிருந்து உருவும்போதே வினைலில் மின்னூட்டம் ஏறிவிடும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஏறியது இறங்க வழியில்லை. தட்டின் மேலேயே தங்கி, சுற்றியுள்ள தூசியை எல்லாம் இழுக்கும். முள் வழியே சட்டென்று பாய்ந்தால் ஒலிபெருக்கியில் ‘டப்’பென்று வெடிக்கும். காற்றில் ஈரம் இருந்தால் மெல்ல வடிந்துவிடும். ஏ.சி. நெடுநேரம் ஓடி உலர்ந்த அறையில்தான் உபத்திரவம் அதிகம்.

கீறலா, மின்சாரமா? காதாலேயே கண்டுபிடிக்கலாம். எல்.பி. ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். அதே இடைவெளியில் ‘டக், டக்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால் கீறல். நினைத்தபோது வெடித்தால் நிலைமின்சாரம்.

பலரும் செய்யும் தவறு, வேட்டி நுனியால் அழுத்தித் துடைப்பது. உலர்ந்த துணி உரச உரச மின்னூட்டம் ஏறத்தான் செய்யும். மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் இழைத் தூரிகையைச் சுழலும் தட்டில் லேசாக வைத்து எடுத்தால், மின்னூட்டம் பிடித்திருப்பவர் கை வழியே இறங்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால், நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல், பள்ளங்களின் போக்கிலேயே துடைப்பது இன்னும் நல்லது. காய்ந்த தட்டை மறுபடி பழைய காகித உறைக்குள் திணித்தால் பட்ட பாடு வீண். நிலைமின்சாரம் தடுக்கும் பிளாஸ்டிக் உள்ளுறை வாங்கிவிடலாம். விசையை அழுத்தும்போதும் விடும்போதும் இருவகை அயனிகளையும் வீசும் ‘சீரோஸ்டாட்’ துப்பாக்கியும் உண்டு. முதலில் தூரிகையும் உறையுமே போதும்.

இத்தனையும் வினைலுக்குத்தான். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் கலந்த திரவம் எதுவும் படக்கூடாது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். பாட்டுள்ள பள்ளங்களும் அப்படியே கரைந்துவிடும்.