எறிவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2020 செப்டம்பர் 20. லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் டைராட் டெய்லருக்கு விலா வலிக்கு ஊசி போட்டபோது நுரையீரலில் துளை விழுந்துவிட்டது. ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கையில் 22 வயது ஜஸ்டின் ஹெர்பர்ட்டை இறங்கச் சொன்னார்கள். கொரோனாவால் அந்த ஆண்டு முன்னோட்ட ஆட்டங்கள்கூட நடக்கவில்லை. எதிரே நடப்புச் சாம்பியன் கேன்சஸ் சிட்டி. ஹெர்பர்ட் 311 கெஜம் எறிந்தார். கூடுதல் நேரத்தில் 3 புள்ளியில் தோற்றார்கள். அந்தப் பருவத்தில் அவர் எறிந்த 31 டச்டவுன்கள் புதுமுகங்களுக்கான சாதனை.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அதை எறிவதோ, ஓடுவோரிடம் கொடுப்பதோ அவர் பொறுப்பு. கல்லூரி அணிகள் பலவற்றில் நெடுங்காலம் ஓரத்திலிருந்து காட்டும் சைகையைப் பார்த்தே ஆடினார்கள். தொழில்முறையில் பயிற்சியாளரின் குரல் தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும். பந்தை ஆட்டத்தில் விடுவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அதுவும் அறுந்துவிடும். நீண்ட ஆணையைப் பத்துப் பேருக்கும் பிசகாமல் சொல்லி, எதிரணி நிற்கும் விதத்தைப் படிக்க வேண்டும். அவர்களோ ஓரிடத்தில் நிற்பதாகக் காட்டி, பந்து அசைந்ததும் இடம் மாறுவார்கள். எறிய ஏறக்குறைய இரண்டரை விநாடிதான். பந்தைப் பிடிப்பவர் திரும்புவதற்குள் அது கையைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஆகவே புதியவருக்குக் குறைவது பெரும்பாலும் கைவலு அல்ல, கண்பழக்கம். டென்னசி பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஆடிவிட்டு வந்த பெய்ட்டன் மேனிங்கே 1998இல் 28 முறை பந்தை எதிரணியிடம் எறிந்தார். அணி 3 வெற்றி, 13 தோல்வி. அவரை மாற்றாமல் ஆடவிட்டது இண்டியானாபொலிஸ். மறு ஆண்டு 13 வெற்றி.

2017 புதுமுகத் தேர்வில் சிகாகோ இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த மிட்ச் ட்ருபிஸ்கி கல்லூரியில் தொடக்க வீரராக ஆடியவை 13 ஆட்டங்களே. அவரை ஐந்தாவது ஆட்டத்திலேயே இறக்கினார்கள். இது அவசரம் என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு பத்தாவதாகத் தேர்வான பேட்ரிக் மஹோம்ஸை கேன்சஸ் சிட்டி அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார வைத்தது. ஸ்மித் வாரம்தோறும் எதிரணியை ஆராய்ந்து தயாராவதை மஹோம்ஸ் அருகிருந்து பார்த்தார். முதல் பருவத்தில் ஆடியது கடைசி ஆட்டம் மட்டும். அடுத்ததில் 50 டச்டவுன் எறிந்து லீக்கின் மதிப்புமிக்க வீரர் ஆனார்.